வெர்னா ஹாகனின் மூன்று மணி நேரம்

எங்கள் மொன்டானா ஊரில் டாக்டர் கிடையாது. வெர்னா ஹாகன்தான் இருந்தார். டாக்டருக்கு உதவியாளராகப் படித்து, இருபத்தாறு வருடமாகத் தனியாளாய் வைத்தியம் பார்த்தவர்.

அந்த வேலையில் இரண்டு வருடத்துக்கு நூறு மணி நேரம் புதிதாகப் படித்துக் காட்ட வேண்டும். ஐம்பது மணி நேரத்துக்காவது சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் உரிமம் புதுப்பிக்கப்படாது; கிளினிக்கையும் மூட வேண்டியதுதான். நான் ஊர் திரும்பி அங்கே வரவேற்பு மேசையில் சேர்ந்த வருடம், டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி காலையில், வெர்னாவுக்கு மூன்று மணி நேரம் குறைந்தது.

குறைத்துக்கொண்டது அவரேதான். இந்தக் கணக்கில் சேரும் அக்டோபர் மருத்துவ மாநாட்டில் கடைசி மதியம் தான் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவரோடு மீன்பிடிக்கப் போன மற்றவர்கள் முழு நேரத்தையும் எழுதிக்கொண்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்ட, காலை பத்து மணிக்கு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஓடும் மூன்று வீடியோ பாடங்களில் முதலாவதைக் கணினியில் திறந்து உட்கார்ந்தார்.

"வீடியோவை ஓட விட்டுட்டு ஆளுங்களப் பாருங்க. எல்லாரும் அதத்தானே பண்றாங்க?" என்றார் மேலாளர் கிரெய்க்.

"நீ படிச்சதும் அப்படித்தானா?"

"வெளியில ஒன்பது பேர் இருக்காங்க, வெர்னா."

"ஒரு மணிக்கு வரச் சொல்லு."

அதையே வெர்னா ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினார்.

பத்தரை மணிக்கு, முள்கம்பி கிழித்த கையோடு கிழவர் எம்மெட் வந்தார். வெர்னா எழுந்து ஓடினார்.

"படிக்கிற வயசா இது?" என்றார் எம்மெட்.

"கம்பியோட மல்லுக்கட்டுற வயசா இது? கைய ஆட்டாத."

ஒன்பது தையல். திரும்பி வந்தபோது, நிறுத்த மறந்த முதல் வீடியோ தானாகவே ஓடி முடிந்திருந்தது. திரையில் கேள்விகள் நின்றன.

"பதில் உங்களுக்குத் தெரியாததா? அமுக்குங்க," என்றார் கிரெய்க்.

"தெரியும். ஆனா நாப்பது நிமிஷம் நான் இங்க இல்ல."

விட்ட இடத்துக்கே வீடியோவைப் பின்னால் இழுத்தார்.

"மேலிடத்துக்கு எழுதுவேன்," என்றார் கிரெய்க்.

"எழுது. நேரத்த மட்டும் சரியாப் போடு."

ஒன்றே முக்காலுக்குச் சான்றிதழ் வந்தது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தையும் அப்போதே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தார். முதலில் லைல். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்; வயது எழுபத்தெட்டு, இதயத்தில் ஒரு கோளாறும் கிடையாது. அவருடைய மாத்திரைப் பட்டியலை வெர்னா இரண்டு முறை படித்தார்.

"தினமும் ஆஸ்பிரின். இதயம் நல்லா இருக்கிற வயசாளிக்கு இது வயித்துல ரத்தம் கசிய வச்சிடும். இத இன்னையோட விட்டுடு, லைல்."

"பதினோரு வருஷமா முழுங்குறேன். எந்த முட்டாள் குடுத்தது?"

"நான்தான்," என்றார் வெர்னா, கிரெய்க்குக்கும் கேட்கும்படி. "வேண்டாம்னு காலையிலதான் படிச்சேன்."