முக்தார் அகமதின் பெயர் மேல் விழுந்த கோடு

பள்ளிப்பட்டு நிலக்கிழார் கோதண்டபாணியின் காரை ஓட்டிய முக்தார் அகமதுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சோதனைச் சாவடியில் கார் நின்றதும், காவலர் கேட்பதற்கு முன்பே இறங்கி, துப்பாக்கியை எடுத்து, குழலைத் திறந்து தோட்டா இல்லை என்று காட்டி, லைசென்ஸோடு பானெட் மேல் வைத்துவிடுவார். யுத்தத்தில் பட்டாள லாரி ஓட்டியபோது படிந்த பழக்கம் அது.

கரும்புக் கொல்லையில் பன்றி விரட்டுவதற்காக வாங்கிய துப்பாக்கி. லைசென்ஸில் உடைமையாளராகக் கோதண்டபாணியின் பெயரும், அதை எடுத்துச் செல்லத் தக்க பணியாளாக முக்தாரின் பெயரும் இருந்தன. சர்க்கார் முத்திரையின் கீழ் தம் பெயர் இருப்பதில் அரக்கோணத்து மெக்கானிக் மகனான அவருக்குச் சற்றுப் பெருமைதான்.

"கேக்காதவன்கிட்ட ஏன் போய் காட்டினுகிற? பொருட்காட்சியா வெச்சிகினு இருக்கிற?" என்று கோதண்டபாணி சீண்டுவார்.

"ஒளிச்சாதாங்க தப்பு, எசமான்."

1948 செப்டம்பரில், நிஜாமின் ஐதராபாத்துக்குள் இந்தியப் படை நுழைந்து, இங்கும் முஸ்லிம்களைச் சந்தேகத்தோடு பார்த்த வாரத்தில், சென்னையில் பழுது பார்த்த துப்பாக்கியோடு இருவரும் திருத்தணி வழியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர். மலைக்கோயிலில் அன்று மாலை கோதண்டபாணியின் அபிஷேகக் கட்டளை. கனகம்மாசத்திரத்தருகே அரிசிக் கடத்தலைத் தடுக்கப் போட்டிருந்த சாவடியில் புதிதாக ஒரு சப்-இன்ஸ்பெக்டர் நின்றார்.

"இன்னிக்கு சும்மா இரு" என்றார் கோதண்டபாணி. அதற்குள் முக்தார் இறங்கியிருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் லைசென்ஸில் இரண்டாவது பெயரை உரக்கப் படித்தார். "ஐதராபாத்துல உனக்கு யாரு இருக்காங்க?"

"யாருமில்லீங்க. நான் அரக்கோணத்துலயே பொறந்தவன்."

"எல்லாரும் எங்கியோ பொறந்தவன்தான்." அவர் பின்சன்னலுக்கு வந்தார். "இந்த ஆளுக்கு நீங்க பொறுப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. விட்டுடறேன்."

'ஆங்' என்ற ஒற்றைச் சொல் போதும். முக்தார் முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோதண்டபாணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இந்தக் காலத்துல எவன் மனசுல என்னா இருக்குதுன்னு யாருக்குங்க தெரியும்? துப்பாக்கி என்னுது. அத குடுத்துடுங்க."

பணியாளின் பெயர்மேல் கோடு விழுந்தது. துப்பாக்கி கோதண்டபாணியின் மடிக்குப் போயிற்று. "ஆளை இங்க நிறுத்தி விசாரிக்கணும்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அப்புறம் வண்டிய யாரு ஓட்டறது?"

முக்தாருக்காக அவர் பேசியது அவ்வளவுதான். அதுவே பலித்தது.

திருத்தணி எல்லைச் சாவடியில் பழகிய கான்ஸ்டபிள் கிருஷ்ணன் சிரித்தார். "இன்னா பாய், எறங்கல?"

"எறங்கிக் காட்ட எங்கிட்ட ஒண்ணுமில்லண்ணே."

பின்னிருக்கை மடியில் துப்பாக்கியைக் கண்ட கிருஷ்ணன் சலாம் வைத்துத் தடுப்பைத் தூக்கினார். தோட்டா உண்டா என்று எவரும் கேட்கவில்லை.

மலையடிவாரத்தில் கோதண்டபாணி செருப்பைக் கழற்றினார். துப்பாக்கியை இருக்கையில் வைத்து, "பாத்துக்கோ, வந்துடறேன்" என்றார்.

"அதத் தொட எனக்குப் பேரில்லீங்க." முக்தார் கார்ச் சாவியை அவர் கையில் வைத்தார். "பட்டறையில எங்க நைனாவோட வேலை இருக்குது. நான் போறேன்."

"முக்தாரு, வண்டிய யாரு ஓட்டறது?"

முக்தார் திரும்பவில்லை, ரயிலடிப் பக்கம் நடந்தார். மலைமேல் அபிஷேக மணி அடித்தது. துப்பாக்கியோடு படியேறவும் முடியாமல், அதை விட்டுவிட்டுப் போகவும் முடியாமல் கோதண்டபாணி வெறுங்காலோடு கார் அருகே நின்றார்.