சாமி நடைக்கு வந்த வருஷம்

எங்கள் குன்னூர் வீட்டின் நடை ஒரு ரயில்பெட்டி வழி மாதிரி இருக்கும். வாசல் கதவைத் திறந்தால் நேராகச் சமையல்கட்டு வரைக்கும் அது ஒன்றுதான். இடது பக்கம் முன்னறை. எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு மற்றவருக்கு வழிவிட வேண்டும். ஈரக் குடை, செருப்பு, விறகு, காயாத ஸ்வெட்டர் எல்லாம் அங்கேதான் கிடக்கும். நாங்கள் உட்காருவது, சாப்பிடுவது, படுப்பது, சாமி கும்பிடுவது எல்லாம் முன்னறையில். நடை என்பது நடப்பதற்கு. அதை யாரும் ஒரு இடமாகவே நினைத்ததில்லை.

அந்த வருஷம் தேயிலைக்கு விலை இல்லை. பறிக்கிற கூலிகூடக் கட்டவில்லை என்று பல பேர் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாகிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு ஃபேக்டரியில் இலை எடை போடுகிற வேலையில் இருந்தார். எடை போட இலை வந்தால்தானே? பாதி நாள் வீட்டில்தான் இருப்பார். தீபாவளிக்குப் போனஸ் இல்லை. குடோனில் சும்மா கிடந்த பழைய தேயிலைப் பெட்டிகளை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். அப்பா அவற்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அப்போதுதான் திருப்பூருக்குப் போயிருந்தாள். அவள் போகும் முன்பு சொன்னது என் மனதில் அப்படியே இருந்தது. முதலில் சொந்தக்காரர்கள் வந்து வீட்டை அளந்தார்களாம். பிறகு கட்டில் போனதாம். கடைசியில் இவர்களும் போக வேண்டியதாயிற்றாம்.

அதனால் மேட்டுப்பாளையத்திலிருந்து சித்தப்பா ஒரு கயிற்றோடு வந்தபோதே நான் அவர் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தேன். சித்தப்பா அங்கே ஒரு மரப்பட்டறையில் வேலை பார்த்தார். நடையின் அகலத்தைக் கயிற்றால் பிடித்து முடிச்சுப் போட்டார். சரி, நடைதானே என்று விட்டேன். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு முன்னறையையும் அளந்தார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அப்பாவும் அவரும் தணிந்த குரலில் பேசினார்கள். நான் கிட்டே போனதும் பேச்சு நின்றது.

"பாப்பா, மழை நின்னுருச்சான்னு போயிப் பார்த்துட்டு வா கண்ணு" என்றார் சித்தப்பா.

"மழையே பெய்யலீங்களே சித்தப்பா."

"அப்பப் பெய்யுதான்னு பார்த்துட்டு வா."

அன்றோடு தெரிந்துபோயிற்று. சித்தப்பா எங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளப் போகிறார். அப்பா ஏமாளி. அம்மாவுக்கு விஷயம் தெரியாது. காவல் காக்க நான் ஒருத்திதான்.

சித்தப்பா தேயிலைப் பெட்டிகளைப் பிரித்துக் கட்டிக் கீழே கொண்டுபோனார். அடுத்த முறை ஒரு வாடகை வண்டியில் வந்து இறங்கியபோது அவை வேறு உருவத்தில் வந்தன. ஒல்லியாக ஒரு பெஞ்சு. அதன் பலகையைத் தூக்கினால் உள்ளே பாய் தலையணை வைக்கலாம். சுவரோடு சுவராக நிற்கிற ஒரு அலமாரி, அதன் அடியில் ஒரு இழுப்பறை. ஸ்வெட்டர் மாட்ட வரிசையாகக் கொக்கி வைத்த ஒரு பலகை. மூலைகளில் பழைய தகரப் பட்டை அப்படியே இருந்தது. மூக்கை வைத்தால் தேயிலை வாசம். நடக்கிற இடத்துக்கு எதற்கு இவ்வளவு உபசாரம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வந்த வண்டியில் எங்கள் பெரிய கட்டிலை ஏற்றி அனுப்பினார்கள். எதிர்பார்த்ததுதான். அம்மா அதன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விறகு பின்பக்கம் போயிற்று. செருப்பெல்லாம் வாசல் படிக்கு வெளியே. அந்த வெள்ளிக்கிழமை அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, முன்னறையிலிருந்த முருகன் படத்தையும் மாரியம்மன் படத்தையும் ஈரத் துணியால் துடைத்தாள். நடையிலிருந்த புது அலமாரியின் மேல்தட்டில் வைத்து, பொட்டு வைத்து, பூப் போட்டாள்.

சாமி இருக்கிற திசைப் பக்கம் காலை நீட்டினால் தொடையில் கிள்ளுகிறவள் என் அம்மா. அவளே சாமியைக் கொண்டுவந்து வழியில் வைக்கிறாள்.

"ஏனுங்கம்மா, சாமி எதுக்கு நடைக்கு வந்துச்சு?"

"முன்னாடி வந்து எடம் புடிச்சு வெச்சிருக்குது. நாம பொறத்தால வரோணுமல்ல."

சொல்லிவிட்டு விளக்கைத் துலக்கப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் ஒரு காரியத்தை விளக்கேற்றித் தொடங்கும் முன்பு வெளியே பேசக்கூடாது. பேசினால் கூடிவராது என்பது அம்மாவின் நம்பிக்கை. இன்று என் வீட்டிலும் அதுதான் வழக்கம். குழந்தையிடம் சொல்வது ஊருக்கே சொன்ன மாதிரி அல்லவா.

நான் முருகனிடம் மட்டும் முறையிட்டேன். சித்தப்பா செய்தது எதுவும் விளங்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

முருகன் கேட்டார். சித்தப்பா அந்த இழுப்பறையை மேட்டுப்பாளையத்து வெயிலில் அளவெடுத்து, ஒரு நூல்கூட இடைவெளி விடாமல் இழைத்திருந்தார். மேலே வந்ததும் ஒரு வாரம் விடாத மஞ்சு, மலைப் பனிமூட்டம். மஞ்சைக் குடித்துப் பலகை உப்பிவிட்டது. திரி, எண்ணெய், தீப்பெட்டி, கற்பூரம் எல்லாம் உள்ளே. இழுப்பறை அசையவில்லை.

அது நடந்தது, புது இடத்தில் முதல் விளக்கேற்ற அம்மா குறித்திருந்த நல்ல நாளின் சாயங்காலத்தில். வாசலில் ஒரு டீச்சரம்மா ட்ரங்குப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவராம். சாரல் அடித்தது. விளக்கேற்றாமல் புது ஆளை உள்ளே விட அம்மாவுக்கு மனமில்லை. நிற்க வைக்கவும் மனமில்லை. வாசலுக்கும் அலமாரிக்கும் இடையே அலைந்தாள்.

"பக்கத்து ஊட்டுல ஒரு திரி கேட்டு வாங்கிக்கலாமே" என்றார் அப்பா.

"மொத விளக்குக்கு எரவல் திரியாங்க?"

அப்பா சுவரில் ஒரு காலை ஊன்றி இழுத்தார். அன்று மேலே வந்திருந்த சித்தப்பாவும் சேர்ந்து இழுத்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

"அளவு கச்சிதம்னு சொன்னயேப்பா. கச்சிதந்தான்" என்றார் அப்பா.

சித்தப்பாவின் முகம் சுண்டிப்போனது. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

"நான் நிக்கறனுங்க, ஒண்ணும் அவசரமில்லைங்க" என்று வெளியிலிருந்து டீச்சரம்மா சொன்னார். குடை நன்றாக ஒழுகிக்கொண்டிருந்தது.

கடைசியில் அம்மா சமையல்கட்டுக்குப் போய் இஸ்திரிப்பெட்டியில் கங்கு அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள். அலமாரியின் பக்கப் பலகை மேல் ஒரு துணியைப் போட்டு, சட்டையைத் தேய்ப்பது போலத் தேய்த்தாள். ஆவி எழுந்தது. நடை முழுக்கத் தேநீர் கொதிக்கிற மாதிரி மணம். கொஞ்ச நேரத்தில் இழுப்பறை முனகிக்கொண்டு வெளியே வந்தது.

விளக்கேற்றினாள். டீச்சரம்மா வலது காலை வைத்து உள்ளே வந்தார். சாமியைக் கும்பிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் எப்போது வெளியே வருவார், எப்போது கிளம்புவார் என்று நான் காத்திருந்தேன். அம்மா பெஞ்சின் பலகையைத் தூக்கிப் பாயை எடுத்தாள். சாமிக்குக் கால் படாதபடி பார்த்து, நடையில் நீளவாக்கில் விரித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சித்தப்பா வீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்து டீச்சரம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை சித்தப்பா ஊருக்குக் கிளம்பினார். அதற்கு முன்பு இழுப்பறையைக் கழற்றி, விளிம்பை இழைத்து, மறுபடி பூட்டினார். அவர் பையில் எங்கள் பொருள் ஏதும் போகிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன். ஒரு வேட்டியும் ஒரு உளியும்தான் இருந்தன. வேறு எங்கேயோ ஒளித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வழிதான் இருந்தது. தினமும் சாயங்காலம் அம்மா விளக்கேற்றியதும் அவள் பக்கத்தில் நின்று கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன். டீச்சரம்மாவுக்கு மாற்றல் வர வேண்டும், எங்கள் அறை எங்களுக்கு வர வேண்டும், சாமி தன் பழைய இடத்துக்குப் போக வேண்டும். இதுதான் என் வேண்டுதல்.

அம்மா வாய்க்குள் முணுமுணுப்பாள். நெடுநாள் எனக்கு அது கேட்கவில்லை. நடை ஒடுக்கம், நாங்கள் தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்போம். ஒரு நாள் காதில் விழுந்துவிட்டது.

"முருகா, டீச்சரம்மாவுக்கு மாத்தல் வராமப் பாத்துக்கப்பா. அவங்க குடுக்கற வாடகையிலதான் அடுப்பு எரியுது. இந்த மலையை உட்டு எங்களை எறக்கிராதே."

முருகன் யார் பேச்சைக் கேட்டார் என்பதற்கு, நான் இன்றைக்கும் இந்த மலையிலேயே குடும்பம் நடத்துவதுதான் சாட்சி. அன்றைக்கு அந்தச் சொல்லின் பாதிதான் என் மனதில் ஏறியது. நான் கண்ணைத் திறந்து அம்மாவை ஓரமாகப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் நனைந்திருந்தது. இவளும் சித்தப்பா கட்சிதான் என்று முடிவு செய்துகொண்டு, அவளிடமிருந்து தோளை விலக்கிக்கொள்ளப் பார்த்தேன். நடையில் விலக இடமில்லை.