கண்டக்டரின் முழங்கால்

எங்கள் அத்தான் பஸ் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். பேச வேண்டியதையெல்லாம் அக்கா பேசிவிடுவாள் என்று விட்டுவிட்டவர். காலையில் வண்டியில் ஏறியதும் சட்டைப் பையிலிருந்து பழைய துணி ஒன்றை எடுத்து ஸ்டியரிங்கை ஒரு சுற்றுத் துடைப்பார். பிறகு கண்ணை மூடி, இன்றைக்கு ஏறப்போகிற யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொள்வார். அதற்கப்புறம்தான் சாவி. சலவைக்கூடத்து வேலைக்கு முதல் பஸ்ஸில் அவர் பின்னாலேயே உட்கார்ந்து போனவள் நான். உதடு அசைவதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

நான் அக்காவுக்கு இளையவள். அவர்கள் வீட்டின் பின்னறையில் இருக்கிறேன். என் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் அத்தானுக்கு நான் இன்னும் 'சின்னவள்'தான்.

அவருடைய ரூட் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும். டெப்போவில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர்கள் முதலில் தங்களுக்கு வேண்டிய ரூட்டை எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் இருப்பது மற்றவர்களுக்கு. எடுத்ததை ஒருவர் விட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். விட்டவர் திரும்பக் கேட்க முடியாது. அத்தான் அந்த ஆஸ்பத்திரி ரூட்டுக்காகத் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து காத்திருந்தவர். அதிலேயே ஓய்வு பெற வேண்டும் என்பது அவர் ஆசை. ஓய்வுக்கு ஒரு வருஷத்துக்கும் குறைவாகவே இருந்தது.

அந்த ரூட் எங்கள் தெருமுனை வளைவைத் தொட்டுக்கொண்டு போகும். வளைவில் கியரைக் குறைக்கும்போது வண்டி ஒரு செருமல் செருமும். உடனே எங்கள் நாய் எங்கே படுத்திருந்தாலும் எழுந்து பாய்ந்து போய், முன்கால் இரண்டையும் கேட்டின்மேல் வைத்து நின்று ஒரே ஒரு குரைப்புக் குரைக்கும். கண்டக்டர் 'ரைட்' கொடுப்பதுபோல இருக்கும். அத்தான் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் காட்டிவிட்டுப் போவார். நாய்க்குப் பெயரே கண்டக்டர்தான். இப்போது பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது, டிரைவரே டிக்கெட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். "பஸ்ஸுல இல்லாட்டி என்ன, வீட்டுல ஒருத்தன் இருக்கட்டுமே" என்று அத்தான் வைத்த பெயர்.

ஒரு நாள் அப்படிப் பாய்ந்தபோதுதான் அது வாசற்படியில் வழுக்கிக் கத்தியது. பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. கூப்பிட்டால் வரவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் உதவிக்கு இருந்த பெண் வெளியே வந்து, "கண்டக்டர் யாருங்க?" என்று கேட்டாள்.

"நான் டிரைவர்ம்மா. கண்டக்டர் இவன்தான்" என்றார் அத்தான். காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

டாக்டரம்மாவுக்குக் கரகரத்த குரல். காலை மடக்கிப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். "முழங்கால் உள்ளே எலும்பைப் பிடிச்சிருக்கிற நார் அறுந்துபோச்சு. எலும்பை வெட்டித் திருப்பி, தகடு வச்சு ஸ்குரூ போடணும். அதை நான் நல்லாச் செஞ்சிடுவேன். அதுக்கப்புறம் உங்க கையிலதான் இருக்கு. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படி ஏறக்கூடாது. எலும்பு சேர்றதுக்குள்ள தகடு அசைஞ்சுபோச்சுன்னா, இந்த வயசுல இன்னொரு தடவை அறுக்க நான் துணிய மாட்டேன். மூணு காலோடதான் மிச்ச காலம்."

ஆபரேஷன் முடிந்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மழித்த காலும், கழுத்தில் பெரிய புனல்போலப் பிளாஸ்டிக் வளையமுமாக அது வீட்டுக்கு வந்தது. மழித்த கால் தோல் உரித்ததுபோல ஒல்லியாக இருந்தது. தையல் வரிசையைப் பார்த்து அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூடத்தில் சாப்பாட்டு மேசையை ஓரமாகத் தள்ளி, பழைய கட்டிலின் பக்கப் பலகைகளைக் கட்டி ஒரு சின்னத் தடுப்புச் செய்தோம். தரை வழுவழுப்பு. அதனால் வீட்டில் இருந்த மிதியடி, ஜமுக்காளம், அக்காவின் நல்ல போர்வை என்று எல்லாவற்றையும் விரித்தோம். வெளிக்குப் போக வைக்கும்போது, சலவைக்கூடத்தில் கழித்துப் போட்ட நீளத் துண்டு ஒன்றை வயிற்றுக்கடியில் கொடுத்து நான் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பேன். ஐஸைத் துணியில் சுற்றி முழங்காலில் வைக்கும் வேலையும் எனக்குத்தான். மாத்திரை கொடுப்பது அக்கா. சோற்றுருண்டைக்குள் வைத்தால் அது சோற்றை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையை மரியாதையாக வெளியே வைத்துவிடும்.

"உங்களுக்கு முழங்கால் வலின்னா ஒரு துணியைச் சுத்திக்கிட்டு வேலைக்குப் போயிடுவீங்க. துரைக்கு மட்டும் மெத்தை, போர்வை!" என்று அக்கா அத்தானைச் சீண்டுவாள். சொல்லிக்கொண்டே போர்வையின் சுருக்கத்தை நீவி விடுவாள்.

சாயங்காலம் நாங்கள் மூவரும் கூடத்தில் பிரார்த்தனை செய்வது வழக்கம். அக்காவும் நானும் தரையில், அத்தான் நாற்காலியில். கிளட்ச் மிதித்து மிதித்து அவர் இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நாய்க்காகக் கடவுளிடம் கேட்கலாமா என்று எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. 'இந்த வீட்டிலுள்ள எல்லா உயிருக்கும் சுகம் கொடு' என்று பொதுவாகச் சொல்லி முடித்தேன்.

"பேரைச் சொல்லிக் கேளுடி. அவருக்குக் குழப்பமாயிடப் போகுது" என்றாள் அக்கா. மறுநாளிலிருந்து பேரைச் சொல்லியே கேட்டேன்.

ஆபரேஷனுக்காக எடுத்த விடுப்பு முடிந்து அத்தான் திரும்ப வேலைக்குப் போன அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. தெருமுனையில் வண்டி செருமியதும், படுத்திருந்த கண்டக்டர் அறுத்த காலையும் சேர்த்து ஊன்றி எழுந்து பலகையில் போய் மோதியது. நான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். சன்னல்களை மூடினோம். ரேடியோவைச் சத்தமாக வைத்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. அத்தான் வேறு கியரில் திருப்பிப் பார்த்தார், மெதுவாக உருட்டிப் பார்த்தார். அதற்கும் எழுந்தது.

"நாளெல்லாம் எத்தனை பஸ் போகுது! இவருது மட்டும் எப்படித்தான் தெரியுதோ" என்று அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் அத்தான் விடுப்பு எடுத்தார். அதே வண்டியை, அதே ரூட்டில் 'நெட்டை' என்று எல்லாரும் கூப்பிடுகிற டிரைவர் ஓட்டினார். அத்தான் பின்கட்டில் ஒளிந்து நின்று காது கொடுத்துக் கேட்டார். வண்டி வளைவில் திரும்பியது. நாய் காதை மட்டும் அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"வண்டி இல்ல சின்னவளே, நான்தான்" என்றார்.

மறுநாள் டெப்போவில் நடந்ததை நெட்டை பிறகு வந்து எங்களிடம் சொன்னார். அத்தான் மேனேஜர் மேசை முன்னால் போய் நின்று, ரூட்டை விட்டுவிடுகிறேன் என்றாராம்.

"என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நாய்க்கு முழங்கால் ஆபரேஷன்."

"நாய்க்கு ஆபரேஷன்னா நீங்க ஏன் ரூட்டை விடணும்? நாயா வண்டி ஓட்டுது?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்களாம். "அண்ணனுக்கு வயசாயிடுச்சுப்பா." "கண்டக்டர் லீவு போட்டா டிரைவரும் லீவா?" அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாராம்.

"விட்டா திரும்பக் கிடைக்காது. மிச்சம் இருக்கிறது கிடங்கு ரூட் ஒண்ணுதான், தெரியுமில்ல?" என்று மேனேஜர் கேட்டதற்கு, "தெரியும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். வரிசையில் அடுத்தவர் நெட்டைதான், ஆஸ்பத்திரி ரூட் அவருக்குப் போயிற்று. "என்னால சந்தோஷப்படவே முடியல அக்கா" என்று அவர் எங்கள் வாசலில் நின்று சொன்னார்.

கிடங்கு ரூட் எங்கள் தெருப்பக்கமே வராது. காலையும் மாலையும் மட்டும் ஆள் ஏறும். நடுவில் காலி வண்டி, லாரிகள், புழுதி. அத்தான் சட்டைக் காலரில் சிமெண்டுப் பொடியோடு வீட்டுக்கு வருவார். அதுவும் பின்வாசல் வழியாக. அவரைக் கண்டால் நாய் துள்ளும் என்று நாங்கள் மூவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் வந்து, அங்கேயே சாப்பிட்டு, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு என் அறை வழியாகப் போய்ப் படுத்துவிடுவார். பிரார்த்தனைக்கும் கூடத்துக்கு வருவதில்லை, கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"சொந்த வீட்டுலயே திருடன் மாதிரி நடக்கிறாரே மனுஷன்" என்று அக்கா என்னிடம் சொல்லும்போது அவள் குரலில் கிண்டல் இல்லை.

பார்க்காவிட்டால் துள்ளாது, துள்ளாவிட்டால் ஆறிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். துள்ளவில்லை என்பது உண்மைதான். சாப்பிடவும் இல்லை. முதலில் பாதியை மிச்சம் வைத்தது, பிறகு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பழைய பஸ் நேரங்களில் தலையைத் தூக்கிச் சுவரையே பார்க்கும். நெட்டை ஓட்டுகிற வண்டி போனதும் தலையைக் கீழே போட்டுவிடும். துண்டைக் கட்டித் தூக்கினால் ஈரத் துணி மாதிரி தொங்கியது. காலைத் தரையில் தொடவே இல்லை.

தையல் பார்க்கப் போனபோது டாக்டரம்மா தொடையை இரண்டு கையாலும் அளந்து பார்த்தார். "சதை கரைஞ்சுக்கிட்டே போகுது. இந்நேரம் கால் விரலாவது ஊன்றியிருக்கணும். ஊன்றலைன்னா நான் போட்ட தகட்டுக்கு அர்த்தமே இல்ல. ஏன் சாப்பிட மாட்டேங்குது? யார் கையால சாப்பிடும்?"

அத்தான் கதவுக்கு வெளியே, நாய் பார்க்காத இடத்தில் நின்றிருந்தார். அங்கிருந்தே சொன்னார்: "என்னைப் பார்த்தா குதிப்பானேம்மா."

"அப்போ குதிக்காத மாதிரி போங்க" என்றார் டாக்டரம்மா. எப்படி என்று அவரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அத்தான் அடுக்களையில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்து நின்றார். பிறகு மெதுவாக, ஒரு கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். முழங்கால் சொடுக்கியது எனக்குக் கேட்டது. "ஏங்க!" என்று அக்கா ஓடி வந்தாள். கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். உட்கார்ந்தபடியே, கையையும் பிட்டத்தையும் ஊன்றி ஊன்றி, அடுக்களையிலிருந்து கூடத்துக்கு நகர்ந்து போனார். வேலை செய்து வந்த களைப்பு, தேய்ந்த முழங்கால். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

நாய் அவரைக் கண்டதும் எழப் பார்த்தது. ஆனால் அதற்குத் தாவி ஏற உயரம் இல்லை. அவர் முகம் அதன் முகத்துக்கு நேராக இருந்தது. எழுவதற்குள் அவர் கை அதன் முதுகில் இருந்தது.

"இருடா. எழுந்திருக்காதே. நானும் உட்கார்ந்துட்டேன் பாரு" என்றார்.

வளையத்தோடு தலையை அவர் மடியில் சாய்த்து ஒரு சத்தம் போட்டது. குரைப்பில்லை, அழுகைபோல ஒன்று. அக்கா தட்டை நீட்டினாள். அவர் கையிலிருந்து தின்றது. தட்டு காலியாகும்வரை அக்கா அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குப் பிரார்த்தனையைத் தடுப்புக்குப் பக்கத்திலேயே முடித்தோம். அத்தான் எங்களோடு தரையில் இருந்தார்.

முடிந்தபின் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இழுத்தும் ஆகவில்லை. கடைசியில் நாய்க்குக் கட்டுகிற அந்த நீளத் துண்டையே அவர் அக்குளுக்கடியில் கொடுத்துத் தூக்கி நிறுத்தினோம்.

"இங்க யாருக்கு ஆபரேஷன் நடந்ததுன்னு வெளியாளுக்குச் சொன்னா நம்புவாங்களா?" என்றாள் அக்கா. நெடுநாளைக்கு அப்புறம் அத்தான் சிரித்தார்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான் வந்தார். நான் வெந்நீரில் பிழிந்த துணியை முழங்காலில் வைப்பேன். அத்தான் பாதத்தைப் பிடித்து டாக்டரம்மா காட்டியபடி மடக்கி நீட்டுவார். நாய் உதட்டைச் சுழித்தால் அங்கேயே நிறுத்திவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டு தானாகக் காலியாயிற்று. ஒரு காலையில் நான் துண்டைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றபோது, அறுத்த காலின் விரல் நுனி மண்ணைத் தொட்டு விலகியது. சுட்டதுபோல எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. நான் அக்காவைக் கூப்பிடவில்லை, சத்தம் போட்டால் பயந்துவிடுமோ என்று. ஈர மண்ணில் பதிந்த அந்தச் சின்ன அடையாளத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எலும்பு சேர்ந்ததா என்று படம் எடுக்கிற நாளில் அத்தானுக்கு ஓய்வு நாள். மூவரும் போனோம். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"சேர்ந்துடுச்சு" என்றார்.

அக்காவுக்கு உடனே அவசரம். "அப்போ பழையபடி கேட்டுக்கு ஓடலாமா டாக்டர்?"

"நடக்கட்டும். மெதுவா, எவ்வளவு தூரம் வேணும்னாலும் நடக்கட்டும். ஓடிப் பாயறது மட்டும் இனி எப்பவும் வேண்டாம். ஒரு கால் இப்படிப் போனவனுக்கு மறு காலும் போறது உண்டு."

அக்கா என்னைப் பார்த்தாள். மேனேஜரிடம் பேசி ரூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று நெட்டை ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அத்தான் ஒன்றே ஒன்று கேட்டார். "வலி இருக்குமாம்மா?"

"குளிர்ல கொஞ்சம் இருக்கும். மத்தபடி இல்ல."

"சரிம்மா" என்றார்.

வெளியே வந்ததும் நெட்டையிடமிருந்து போன். அத்தான் அதைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர், அதனால் அந்தப் பக்கம் பேசியதும் எங்களுக்குக் கேட்டது. "அண்ணே, மேனேஜர் ஒத்துக்கிட்டாரு. வர்ற வாரமே நீங்க எடுத்துக்கலாம். என்ன சொல்றீங்க?"

"வேண்டாம்ப்பா. நீயே ஓட்டு."

"ஏண்ணே, கால் சரியாகலையா?"

அத்தான் குனிந்து பார்த்தார். கண்டக்டர் நான்கு காலிலும் நின்றுகொண்டு சுவரோரம் எதையோ முகர்ந்துகொண்டிருந்தது.

"சரியாயிடுச்சு. நடக்கிறான்" என்றார்.

ஆட்டோ பிடிக்கலாமா என்று அக்கா கேட்டாள். நடந்தே போவோம் என்றார். கயிற்றை அவரே பிடித்துக்கொண்டார். நாய் இழுக்கவில்லை, அவரும் இழுக்கவில்லை. இருவரும் ஒரே மாதிரி இலேசாகத் தாங்கித் தாங்கி நடந்தார்கள். வழியில் ஓரிடத்தில் நாய் நின்றது, அத்தானும் நின்றார். இளைப்பாறியது யார் என்று நாங்கள் கேட்கவில்லை. நிழலில் ஒதுங்கி, அவர்கள் மறுபடி கிளம்பும்வரை காத்திருந்தோம்.