வெர்லீன் தட்டும் கதவுகள்

வெர்லீன் ஸ்டக்கி தன் நாற்காலியில் உட்காருவதற்கு முன் எதிரே கிடக்கும் காலி நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுவார். கேட்டால், "சில்லுனு கெடக்குற நாற்காலில யாரு வந்து உக்காருவாங்க, கண்ணு?" என்பார்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தெற்கில், எங்கள் ஊர் நூலகத்தில் அவருடைய மேசை செய்தித்தாள் அடுக்குக்குப் பக்கத்தில். நான் புத்தகம் எடுத்துக்கொடுக்கும் மேசை அதற்கு எதிரில். வேலை செய்யும் இடத்தில் மருத்துவக் காப்பீடு கிடைக்காதவர்கள், அதாவது எங்கள் ஊரில் பெரும்பாலோர், குளிர்காலந்தோறும் அரசின் காப்பீட்டுச் சந்தையில் பெயர் சேர்க்க வேண்டும். இலவசமாகச் சேர்த்துவிடுவது வெர்லீனின் வேலை. முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டினார். அதனால் யார் வீடு எது, எந்த வாசலில் நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

போன வருடம்வரை வரிசை வாசலைத் தாண்டி நின்றது. இந்த முறை அரசு உதவித்தொகையைக் குறைத்தது, காப்பீட்டுக்குக் கட்டும் மாதத் தவணை எகிறியது, வரிசை காணாமல் போனது. ஆனால் கணினியில் பெயர்கள் பெரிதாகக் குறையவில்லை. பழையவர்களை அது தானாகவே மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தது. தவணை கட்டாத பெயர்கள் உதிர நாளாகும். திரையில் நகரும் பெயர்களைப் பார்த்தபடி வெர்லீன் சொன்னார்: "எல்லாரும் இருக்காங்க. ஆனா யாருமே இல்ல."

ஆட்கள் ஊரில்தான் இருந்தார்கள். மளிகைக் கடையில் அவரைக் கண்டதும் தள்ளுவண்டியை அடுத்த வரிசைக்குத் திருப்பினார்கள். முடி வெட்டும் டெஸா மட்டும் நின்று பேசினாள். "உங்களப் பாத்தாலே எனக்கு இருமல் வருது, மிஸ் வெர்லீன். ரே வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்க, அவனுக்கு நெஞ்சு வலி வந்துருச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவர் வந்தால் நோய் வரும் என்ற பேச்சு ஊருக்குள் நடமாடத் தொடங்கியது. அவருடைய பழைய நீலக் காரைக் கண்டால் ஜன்னல் திரைகள் மூடிக்கொண்டன.

நூலகம் சீக்கிரம் மூடும் சனிக்கிழமைகளில், அவர் வீடு வீடாகப் போகும்போது நானும் கூடப் போவேன். வீட்டுக்காரரின் வண்டி வாசலில் நிற்கும், உள்ளே தொலைக்காட்சி ஓடும்; தட்டினால் அது சட்டென்று அணையும். வெர்லீன் கோபித்துக்கொள்ள மாட்டார். கதவோடு பேசுவார்.

கூரை வேலை செய்யும் ஹாய்ட் கிரிப் தனியாக இருந்தார். சர்க்கரை வியாதிக்காரர், காப்பீடு இருந்ததால்தான் இன்சுலின் வாங்க முடிந்தது. தவணை கட்டுவதை நிறுத்தியதால் அந்தக் காப்பீடு ரத்தாகியிருந்தது.

"ஹாய்ட், உள்ள இருக்கீங்கன்னு தெரியும். பேச வேணாம். தட்டுங்க போதும். ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா ரெண்டு. மருந்து இருக்கா?"

உள்ளிருந்து ஒரு தட்டல்.

"பொய்யா?"

மறுபடி ஒன்று. வெர்லீன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மரப்பலகைக்கு அப்பால், மூச்சு விடும் தூரத்தில், முகமில்லாமல் ஒரு மனிதர் நின்றிருந்தார்.

அடுத்த முறை போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் கேட்டார்: "மருந்து இருக்கா, ஹாய்ட்?"

இரண்டு தட்டல் வந்தது. எங்கள் கால் பக்கத்திலிருந்து.

நான் குனிந்து பார்த்தேன். கதவின் அடி விளிம்பில்தான் அந்தச் சத்தம். வெர்லீன் ஈரப்படியில் முழங்காலிட்டு கதவிடுக்கில் வாயை வைத்தார்.

"விழுந்துட்டீங்களா?"

இப்போது குரலே வந்தது. "ஆம்புலன்ஸ் கூப்பிடாதீங்க. என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"உங்ககிட்ட என்ன இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

"வேணாம், மிஸ் வெர்லீன். ஆஸ்பத்திரி பில்லுக்கே வீடு போயிரும்."

வெர்லீனின் கை போனை எடுத்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. உள்ளே மீண்டும் இரண்டு தட்டல், முன்னைவிட மெல்ல. வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டு எண்களை அழுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த இரண்டு தட்டல் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

ஹாய்ட் பிழைத்தார். இடது கால் விரல்கள் போயின. மருத்துவமனையில் நாங்கள் பார்க்கப் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "நீங்க செஞ்சது சரிதான். இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றார். வீட்டை விற்கப் பேசிக்கொண்டிருப்பதாக டெஸா பிறகு சொன்னாள்.

அதன்பின் வெர்லீன் இந்த வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையே காரை எடுத்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம், பச்சை வீடு. திரை மூடியது, தொலைக்காட்சி அணைந்தது. அவர் கதவைத் தட்டக் கையைத் தூக்கவில்லை. பையை என்னிடம் கொடுத்துவிட்டு, மெல்ல மண்டியிட்டு, கதவின் அடியில் காதை வைத்தார்.