மத்தியானத்து றெஜினோல்ட்

றெஜினோல்ட் பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின்களுக்குப் பழுது பார்ப்பவன். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் கட்டவில்லை. குண்டசாலையில் இருக்கும் தங்கை லிண்டா பெண் பார்க்கிற பேச்சை எடுத்தால், மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று போனை வைத்துவிடுவான். ஹந்தானை ஏற்றத்தில் பியட்றிஸ் அன்ரியின் மேல்மாடியில் சதீசோடு வாடகைக்கு இருந்தான். கூட வேலை செய்த கூட்டாளி என்று அன்ரியிடம் சொல்லியிருந்தான். அது பொய். சதீஸ் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கண்டி டவுனில் பேக்கரியில் பாண் போடுகிறவன். இருவரும் ஒருவரையொருவர் விரும்பித்தான் ஒரே வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

அந்த வீட்டில் றெஜினோல்ட் வைத்த சட்டங்கள் நிறைய. ஜன்னல் சீலையை விலக்கக் கூடாது. டவுனுக்கு இறங்கினால் ஒருவர் முன்னே, மற்றவர் பின்னே. பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்காரக் கூடாது. "ஆக்கள் பார்ப்பாங்க" என்பான். சதீஸ் தலையை ஆட்டிக்கொள்வான்.

சதீசுக்கு விடியமுன் வேலை. பத்து மணி கழிய வீட்டுக்கு வந்துவிடுவான். றெஜினோல்ட் வர இருட்டிவிடும்.

ஒரு மாலை சதீஸ் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னான்: "மத்தியானம் எவ்வளவு சந்தோசமா இருந்தீங்க. இப்ப ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க?"

"மத்தியானமா? நான் வேலையிலதானே இருந்தேன்."

சதீஸ் சிரித்தான், பகிடி என்று நினைத்து. றெஜினோல்ட் சிரிக்கவில்லை. குசினியில் கழுவிக் கவிழ்த்த பீங்கான்கள் இரண்டு. யாரோ வந்து போகிறான், சதீஸ் வாய் தவறிச் சொல்லிவிட்டு என் தலையிலேயே கட்டுகிறான் என்று அவன் மனம் ஓடியது. அன்றிலிருந்து தலையணையை மோந்து பார்த்தான். சதீஸ் குளிக்கும்போது அவன் போனை எடுத்து, திறக்காமலே வைத்தான். கேட்டால் வாய்ச்சண்டை வரும். சத்தம் கீழே கேட்கும்.

கடைசியில் அன்ரியிடமே நூல் விட்டுப் பார்த்தான். மாடிப்படி அவர் குசினி வாசலை ஒட்டியே ஏறும். அவர் கண்ணில் படாமல் ஒரு பூனைகூடப் போகாது.

"பகல்ல மேல யாராச்சும் வாறாங்களா அன்ரி?"

"வேற யாரு வரப்போறா? நீங்கதானே இருக்கீங்க. நேத்தும் ஜன்னல்ல நின்னு எனக்குக் கை காட்டினீங்களே." அன்ரி மிளகாயைக் கிள்ளுவதை நிறுத்தினார். "ஆனா ஒண்டு தம்பி, நீங்க படியேறி வாறத மட்டும் நான் காணல்ல."

றெஜினோல்ட் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தான். அவன் யாருக்கும் கை காட்டுகிறவன் இல்லை.

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு மழையோடு ஏறி வந்தான். கதவை நெருங்கும்போதே உள்ளே பேச்சு கேட்டது. ஓர் ஆணின் குரல். அது அவனுடைய குரல்.

"உன்ன விட்டுட்டு எனக்கு ஒரு எடமும் இல்ல சதீஸ்."

கதவைத் தட்டப் போன கை அப்படியே நின்றது. அந்த வார்த்தைகளைத் தென்னக்கும்புர பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் அவன் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான். வீடு வந்ததும் விழுங்கிவிடுவான். யாரிடமும் சொன்னதில்லை.

கதவை ஒட்டிய ஜன்னலின் சீலை விலகியிருந்தது. சதீஸ் ஒருவனின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். அந்த ஒருவன் றெஜினோல்ட் இப்போது போட்டிருந்த அதே நீலச் சட்டையைப் போட்டிருந்தான், மழை படாமல், மடிப்புக் கலையாமல். அவன் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தான். திருடனைப் பார்க்கிற பார்வை.

றெஜினோல்ட் கதவைத் தள்ளித் திறந்தான். சதீஸ் எழுந்து சுவரோடு ஒட்டி நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கத்தவில்லை. ஏற்கெனவே எதையோ சந்தேகித்து, அதைத் தனக்கே சொல்லாமல் வைத்திருந்தவனின் முகம் அது.

"யாரு சதீஸ் இவன்?" என்றது உள்ளே இருந்தது.

றெஜினோல்ட் சதீசின் பக்கம் திரும்பினான். வாசலில் நின்றபடியே கையை நீட்டினான். "வா. வெளியில போவம்."

"வெளிய வேணாம்," என்றது மற்றது. "ஆக்கள் பார்ப்பாங்க."

சதீஸ் திகைத்துப்போனான். அவனுக்குத் தெரிந்த றெஜினோல்ட் அப்படித்தான் பேசுவான். பட்டப்பகலில் வாசலில் நின்று கை நீட்டுகிறவனை அவன் இதுவரை கண்டதில்லை. றெஜினோல்ட்டுக்கும் அது விளங்கியது. தன் வாயால் சொன்னதே இப்போது தனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. கையை மடக்காமல் அப்படியே நின்றான்.

சதீஸ் மெல்ல வந்து அந்தக் கையைத் தொட்டான்.

"நடுங்குது," என்றான். திரும்பி உள்ளே பார்த்தான். "நீங்க ஒருநாளும் நடுங்கினதில்ல."

உள்ளே இருந்தது கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தது. வாசலைத் தாண்டி வரவில்லை.

கையை விடாமலே இருவரும் படியிறங்கினார்கள். குசினி வாசலில் நின்ற அன்ரி பிணைந்திருந்த கைகளைப் பார்த்தார், பிறகு மேலே ஜன்னலைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். எதற்காகப் போட்டார் என்று றெஜினோல்ட் கேட்கவில்லை.

அம்பிட்டியவில் ஓர் அறை கிடைத்தது. உடுப்புகளை எடுத்து வர, றெஜினோல்ட்டோடு வேலை செய்யும் றொட்னியை அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் அங்கிருந்து போன் எடுத்தான்.

"ஏன்டா, நீயே உள்ள ஜன்னல்ல நின்னுகிட்டு என்னை எதுக்கு அனுப்பின?"

"றொட்னி, ஒண்டும் பேசாத. சாமானை விட்டுட்டு இறங்கு," என்றான் றெஜினோல்ட்.

சாமான்கள் அங்கேயே கிடக்கின்றன. சதீஸ் பேக்கரியை விட்டு, பல்லேகலயிலேயே ஒரு கென்டீனில் சேர்ந்தான். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் போகிறார்கள். பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள். முன்சீட்டுக்காரர் ஒருவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். றெஜினோல்ட்டின் காது சூடேறியது, ஆனாலும் எழும்பவில்லை.

அவனைக் குடைவது வேறொன்று. ஒருநாள் பஸ்ஸிலேயே கேட்டும்விட்டான்.

"அவன நெனைக்கிறியா?"

 ஜன்னலுக்கு வெளியே மகாவலி கலங்கி ஓடிக்கொண்டிருந்தது.

"சில நேரம்," என்றான். "அவரு நல்லா பேசுவாரு."

றெஜினோல்ட்டுக்கு அது குத்தியது. ஆனால் பொய் சொல்லாமல் சொன்னானே என்று, தோளை அவன் பக்கம் சற்றுச் சாய்த்து உட்கார்ந்தான்.