எங்கள் அண்ணா ஏன் சாவு விசாரித்தார்

அண்ணா ஆண்டவரிடம் போய் முப்பத்தொரு நாளாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பர்களும் முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்து, "நல்ல மனுசன்" என்பீர்கள். அப்படிச் சொல்லும்போதே சிலருடைய வாய் சற்றுத் தயங்கும் என்பதும் எனக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் அண்ணாவைப் பற்றி ஊரில் ஒரு கதை உலாவியது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் "இண்டைக்கு ஊரில ஆரும் மோசம் போனதோ?" என்று கேட்கிறாராம். அவர் கேட்டால் ஒரு சாவு விழுகிறதாம். அவருடையது கரிநாக்காம். அந்தப் பெயரோடு அவரை மண்ணுக்குள் விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. ஆகையால் அவருடைய ஒரே தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன். சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காமலே வாசியுங்கள்.

அண்ணா மன்னார்த் தீவின் வடகரையில், கடல் தொழிலை நம்பிய வேதக்காரக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அம்மா விடத்தல்தீவு. சண்டைக் காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போனோம். முகாமில் இருந்த வருடங்களில் அண்ணா வீடுகளுக்குப் பெயின்ட் அடித்து என்னைப் படிக்க வைத்தார். தன் சட்டையில் எந்த வீட்டுச் சுவரின் நிறம் இருக்கிறது என்று காட்டிச் சிரிப்பார். ஊர் திரும்பியதும் கடலுக்குத்தான் போனார். அவர் சுழியோடி. சங்குக்கும் கடலட்டைக்கும் மூச்சடக்கி இறங்கினால், படகில் இருப்பவர்கள் செபம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் மேலே வருவார். அப்படி ஒரு நெஞ்சு அவருக்கு.

அட்டை குறைந்த காலத்தில், டைனமைட் போட்டு மீன் பிடிக்கிற படகுக்கு அதன் முதலாளியான ஒரு சம்மாட்டி கூப்பிட்டார். இதைப் படிக்கும் பலருக்கு இது புதினம் அல்ல. மீன் கூட்டத்தின் நடுவே வெடியை எறிவார்கள். சாகும் மீனில் கொஞ்சம் மிதக்கும், மீதி அடியில் தாழும். தாழ்ந்ததை அள்ளத்தான் சுழியோடி. செத்த மீனைத் தின்னப் பெரிய மீன் வரும் என்று, இவர் அடியில் இருக்கும்போதே பக்கத்துப் படகு அடுத்த வெடியைப் போட்ட நாட்களும் உண்டு. சம்மாட்டியின் பெயரை எழுத மாட்டேன். அவரும் வெள்ளைச் சட்டையோடு வந்து சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்தான்.

முதலில் இருமல். பிறகு எச்சிலில் இளஞ்சிவப்பாக நுரை. அண்ணி கேட்டால், வெற்றிலை போட்டேன் என்று சொல்லிச் சமாளித்தார். கோயிலுக்கு நடக்கும் வழியில் ஒவ்வொரு மதிலாகப் பிடித்து நிற்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தார். நானும் கூடப் போனேன். எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டொக்டர், "ஷெல்லடிக்குள்ள இருந்தனீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா" என்றார் அண்ணா.

வெடியின் அதிர்ச்சி உடம்புக்குள்ளால் போகும்போது வெளியில் ஒரு கீறலும் தெரியாதாம். உள்ளே நுரையீரலில் இருக்கிற மெல்லிய காற்றறைகள் கிழிந்து இரத்தம் கசியுமாம். ஆறுவதற்கு முன்னமே திரும்பத் திரும்ப அடி விழுந்தால் அந்த இடமெல்லாம் தழும்பாகி, காற்றுக்கு இடமில்லாமல் போகுமாம். டொக்டர் மிகவும் மரியாதையாகச் சொன்னார், சண்டையில் அடிபட்டவர் என்று நினைத்து. வெளியே வந்து கன்ரீனில் தேத்தண்ணி குடிக்கும்போது அண்ணா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சண்டை என்னை ஒண்டும் செய்யேல்ல தங்கச்சி. நான்தான் வெடியைத் தேடிப் போனனான். தண்ணிக்குள்ள சத்தம் காதுக்குக் கேக்காது, நெஞ்சுக்குத்தான் கேக்கும். பிறகு கீழ பாத்தா மீனெல்லாம் வாயைத் திறந்தபடி கிடக்கும். ஒண்டும் அசையாது. நான் மட்டும்தான் அசையிறன். எனக்கு அதுதான் பயம்."

அதோடு கடலை விட்டார். கடல் அவரை விடவில்லை.

வீட்டில் படுத்திருப்பார். திடீரென்று எழுந்து உட்கார்ந்து நெஞ்சில் கையை வைப்பார். "போட்டிட்டாங்கள்" என்பார். எங்களுக்கு ஒன்றும் கேட்காது. வாசலில் படுத்திருக்கும் நாய் தலையைக்கூடத் தூக்காது. அண்ணாவுக்கு மட்டும் உதடு நீலமாகி, மூச்சு இழுக்கும். கொஞ்ச நேரத்தில் கரைக்குப் படகு வரும். அண்ணி போய் மீனை அழுத்திப் பார்ப்பா. விரல் பொதுக்கென்று உள்ளே போகும், முள் உள்ளுக்குள்ளேயே முறிந்திருக்கும். வெடிமீன்தான். ஒரு நாள்கூட அண்ணா பிழையாகச் சொன்னதில்லை.

அப்படி எந்த நோயும் இல்லை, அது பயத்தில் வருகிற நினைப்பு என்றார் டொக்டர். நானும் அதையே நம்பி, கடலை விட்டுத் தூரமாக இருக்கட்டும் என்று நானாட்டானில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சுற்றிவர வயல், உழவு மெஷினின் சத்தம், கொக்கு. மூன்றாம் நாள் முற்பகல், சோற்றுக் கோப்பை முன்னால் இருக்க, கை நெஞ்சுக்குப் போனது. நான் உடனே அண்ணிக்குப் போன் எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவவே திருப்பி எடுத்தா. "இப்பதான் வந்தவங்கள். வெடிமீன்தான். ஏன் மச்சாள் கேக்கிறியள்?" என்றா. அதுவரை அண்ணாவைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வயலுக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவர் அண்ணாவின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அண்ணாவைத் திரும்ப ஊரில் கொண்டுபோய் விட்டேன். அந்தக் கிழமையே எங்கள் கோயிலில் துக்கமணி அடித்தது.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், அடக்கம் முடியும்வரை எந்தப் படகும் கடலுக்குப் போகாது. அன்றைக்கு வலையும் இல்லை, வெடியும் இல்லை. அன்றைக்கு அண்ணா மத்தியானமே படுத்துப் பிள்ளைபோல உறங்கினார். உதட்டில் நிறம் வந்தது. எழும்பிச் சொதியும் சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அண்ணி சந்தோசத்தில் அழுதா. அழுதுகொண்டிருக்கும்போதே, எதற்காகச் சந்தோசப்படுகிறோம் என்பது விளங்கி வாயைப் பொத்திக்கொண்டா.

அதன் பிறகுதான் அண்ணா விசாரிக்கத் தொடங்கினார். மற்றவர்கள் துக்கமணி கேட்டால் சிலுவை போடுவார்கள். இவர் தலையணையைச் சரிசெய்வார். பார்க்க எனக்கே உடம்பு கூசும். "பாவம் எண்டு தெரியும் தங்கச்சி. ஆனா மணி அடிச்சா எனக்கு மூச்சு வருது" என்றார். பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியிருக்கிறார். உறங்கி எழுந்ததும் இறந்தவரின் பெயரைச் சொல்லி முழுச் செபமாலை சொல்லாமல் அவர் வாயில் தண்ணீர் படாது. உங்கள் வீட்டுச் சாவுக்கு அவர் ஆசைப்பட்டார் என்று சொன்னவர்களே, உங்கள் வீட்டு ஆன்மாவுக்காக அவ்வளவு மன்றாடிய வேறொருவர் இந்த ஊரில் உண்டா?

போன மாதம் ஒரு காலையில், அண்ணா சுவரில் சாய்ந்து இருந்தார். அண்ணி தேத்தண்ணியோடு வந்தபோது, கை நெஞ்சில் இருக்க, எல்லாம் முடிந்திருந்தது. துக்கமணி அடித்தது. போன படகுகளையும் போன் எடுத்துத் திருப்பிக் கூப்பிட்டார்கள். கடல் வெறுமையாகக் கிடந்தது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை அமைதியில் அது எழும்பும் என்று என் மனம் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். நோயாளிக்கான அவஸ்தைப்பூசுதலை முன்னமே கொடுத்த பங்குத்தந்தை, முகம் சுளிக்காத தாதிமார், எந்த நேரமும் ஓட்டோவோடு வந்த தம்பி, திருக்கேதீஸ்வரத்துத் திருநீற்றைக் கொண்டுவந்து தலையணைக்குக் கீழே வைத்த பக்கத்து வீட்டு அக்கா, அடக்கம்வரை கடலுக்குப் போகாத எல்லோரும். இவர்களோடு, துக்கம் நடந்த வீட்டுக்காரருக்கும் நன்றி சொல்ல வேண்டும். உங்கள் கண்ணீர் நாட்களில்தான் எங்கள் அண்ணா மூச்சு விட்டார். மன்னியுங்கள்.

இதோடு முடிக்கத்தான் இருந்தேன். நேற்று அண்ணி வீட்டில் இதை எழுதிக்கொண்டிருந்தபோது, மேற்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பிள்ளை வந்தாள். இளம் குடும்பம். புருசன் சுழியோடி. கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"அக்கா, குறை நினையாதேங்கோ. அண்ணையை அடக்கம் செய்த அண்டு எங்கட இவர் நல்லா நித்திரை கொண்டவர். கனகாலத்துக்குப் பிறகு. அதைச் சொல்லாம இருக்க மனம் கேக்கேல்ல."

"அவரும் அந்த வெடிப் படகுக்கோ போறவர்?"

"ஓம்" என்றாள். "சளிக்குள்ள ரத்தம் வருது. ஆருக்கும் சொல்ல வேண்டாமெண்டவர்."

பிறகு, உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"இப்ப ஊரில வேற ஆரும் கடுமையாப் படுக்கையில இருக்கினமோ அக்கா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த முகத்தில் ஒரு கெடுதலும் இல்லை. தன் புருசன் ஒரு மத்தியானம் உறங்க வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் இருந்தது. சம்மாட்டிமாரே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். வெடியை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை இப்போது ஒரு சாவுக்காகக் காத்திருக்கிறாள், யாருடையது என்று அவளுக்குக் கவலையில்லை.

— அண்ணாவின் தங்கை