படம் நெசம், சேதி பொய்

அன்று காலை அலுவலகத்துக்கு வந்த படத்தில் ஒருவர் பெரிய மீன் ஒன்றை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்திருந்தார். மீனுக்கு மனித முகம். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஆளின் முகத்தை மட்டும் யாரோ மங்கலாக்கியிருந்தார்கள். கீழே, ‘மனித முக மீனைத் தொட்டவர் சில மணி நேரத்தில் பலி. கடல் மீன் வாங்காதீர்கள். அனைவருக்கும் பகிரவும்’ என்று இருந்தது. இப்படி வரும் படங்கள் உண்மையா என்று பார்த்துச் சொல்வதுதான் திருச்சி நாளிதழ் ஒன்றில் எனக்கு வேலை. கடல் சம்பந்தப்பட்டது என்றால் நான் மூளையைக் கசக்குவதே இல்லை. மீமிசலில் மீன் ஏலம் கூறும் சீனி முகமது பாய்க்கு அனுப்பிவிடுவேன். அன்றும் சரியாகப் பார்க்காமலேயே அனுப்பினேன். ‘பாய், இது உண்மையா?’

அனுப்பிய பிறகுதான் படத்திலிருந்த கையைப் பார்த்தேன். வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. எனக்கு அந்த நகத்தைத் தெரியும். பதறிப்போய்ப் பாயின் எண்ணுக்கு அழைத்தபோது அவருடைய மகள் எடுத்தாள். “அத்தா நேத்து சாயங்காலம் மவுத்தாயிட்டாங்கக்கா. நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சு. இப்பத்தான் அடக்கம் பண்ணிட்டு வந்தாங்க” என்றாள். அழக்கூடத் தெம்பில்லாத குரல்.

ஏலத் தளத்தில் அவரோடு நின்ற மீமிசல்காரர்களே, உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் படங்களைச் சரிபார்க்கும் இந்த வேலையில் அவரை நான்தான் பார்த்தேன். முதன்முதலில் ஒரு படத்தோடு மீமிசலுக்குப் போனபோது, மாடு அளவு நண்டை ஒருவன் தூக்கிக்கொண்டு சிரிப்பதைக் காட்டினேன். பாய் நண்டைப் பார்க்கவே இல்லை. “கடலு பெருசு மேடம், எது வேணும்னாலும் இருக்கும். மீனைப் பாக்காதீங்க, புடிச்சிருக்கிற கையப் பாருங்க. இம்புட்டுப் பெருசத் தூக்குறான், தோளு எறங்கவே இல்லையே” என்றார். பிறகு எண்ணிப் பார்த்தேன். நண்டைப் பிடித்திருந்த கையில் ஆறு விரல்கள்.

அவரிடம் மூன்றே பதில்கள்தான் உண்டு. நெசம். பொய். மூன்றாவது, ‘படம் நெசம், சேதி பொய்.’ அந்த மூன்றாவதுதான் மோசமான சரக்கு என்பார். முழுப் பொய்யை ஒரு பார்வையில் ஒதுக்கிவிடலாம், பாதி நிஜத்தோடு வருவதை யாரும் கீழே வைக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஒருமுறை வெள்ளி நிறத்தில் நாடாவைப் போல நீண்ட மீன் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அச்சுக்கு நேரமாகிறது என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். படகு படகாகக் கொண்டுபோய்க் காட்டி இரண்டு நாள் கழித்து, “தெரியலைங்க” என்றார். எனக்குக் கோபம். நான் பாக்காத ஒண்ணைப் பொய்யின்னு எப்பிடிங்க சொல்லுவேன் என்று சிரித்தார். பேரிலேயே சீனி இருக்கும்போது ரத்தத்தில் இல்லாமல் போகுமா என்று கேட்டுச் சர்க்கரை போட்ட டீ குடிக்கிறவர், இதில் மட்டும் அப்படி ஒரு கண்டிப்பு.

போன வருடம் மனித முக மீன் என்று ஒரு படம் சுற்றியது. மீன் வாங்க ஆள் வரவில்லை என்று மீமிசலில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். பாயிடம் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார். “திருக்கையோட அடிவவுறுங்க இது. நீங்க கண்ணுன்னு பாக்குறது அதோட மூக்கு. கண்ணு மேல, முதுகுப் பக்கம் இருக்கு.” கீரனூரில் சின்ன வயதிலிருந்து திருக்கை தின்று வளர்ந்தவள் நான். துண்டு போட்டதைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர, முழுமீனைப் புரட்டிப் பார்த்ததில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. திருக்கையைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், படம் எடுத்துப் போடுகிறேன், பக்கத்தில் உங்கள் முகம் இருந்தால் பயம் போய்விடும் என்றேன். அவர் தயங்கினார். “படத்த வெளிய விட்டா அது நம்ம கையில இருக்காதுங்க” என்றார். நான் விடவில்லை. வாலிலிருந்த விஷ முள்ளை ஒடித்துப் போட்டுவிட்டு மீனைத் தூக்கிச் சிரித்தபடி நின்றார். பத்திரிகையில் வந்தபின் அவருக்கே பிடித்துப்போய், வாட்ஸ்அப்பில் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார்.

அவர் இறந்த அன்று மாலை, துக்கச் செய்தி போட யாருக்கோ ஒரு படம் தேவைப்பட்டிருக்கிறது. கையில் கிடைத்தது அதுதான். ‘மீமிசல் சீனி பாய் மவுத்’ என்று அந்தப் படத்தோடு போட்டிருக்கிறார்கள். அதில் தப்பில்லை. அதைப் பார்த்த வேறு யாரோ மீனையும் மவுத்தையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பொய்யை ஒழிக்க நான் எடுத்த படம்தான், ராத்திரியோடு ராத்திரியாக மாவட்டம் முழுக்கச் சுற்றியிருக்கிறது.

மறுநாள் பத்திரிகையிலும் அதன் இணையப் பக்கத்திலும் விளக்கம் எழுதினேன். அது திருக்கை, அவர் இறந்தது மாரடைப்பில் என்று தெளிவாகவே எழுதினேன். ‘அப்புறம் எப்படிச் செத்தார்?’ என்று அதன் கீழேயே கேட்டிருந்தார்கள். ஊர் ஊராக எத்தனை குழுக்களில் பதில் போடுவது? நான் ஒன்றில் போடுவதற்குள் பத்தில் வந்து நிற்கிறது. அந்த வாரம் என் கணவர் மார்க்கெட்டிலிருந்து மீனுக்குப் பதில் கோழி வாங்கி வந்தார். எதுக்கு வம்பு என்றார். என் வீட்டிலேயே இந்தக் கதி.

வெள்ளிக்கிழமை மீமிசலுக்குப் போனேன். பாயின் மனைவி பாத்திமா அக்கா இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய காலம் அது. “மய்யித்தக் குளுப்பாட்ட வந்தவர்ல ஒருத்தர் கையுறை கேட்டாருங்க” என்றார். “தெனமும் கையக் குடுத்துப் பழகுன மனுசன். ஏன் கேக்குறாருன்னு அப்பப் புரியல. நீங்க அனுப்புனத மக எடுத்துக் காட்டுனப்பத்தான் புரிஞ்சுச்சு.”

அந்த வீட்டுக்கு அந்தப் பொய்யைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே நான்தான்.

அக்கா மெதுவாகக் கேட்டார். “ஏங்க, நெசமாவே அந்த மீனால இல்லீங்களே?” வாழ்நாளெல்லாம் திருக்கை ஆய்ந்து காய்த்துப்போன கை அவருடையது. அவரே கேட்கிறார். இல்லை அக்கா என்றேன். “எனக்குத் தெரியும். வர்ற பொம்பளையெல்லாம் கேக்குறாங்க. ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, காட்டுறேன்.” மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ‘படம் நெசம், சேதி பொய்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் படித்துவிட்டு, “அப்ப எப்பிடி மவுத்தானாங்கன்னு கேப்பாங்களே” என்றார். அடியில் ‘நெஞ்சு வலி’ என்று சேர்த்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டவர் வெகுநேரம் விடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் இப்போதெல்லாம் தள்ளித்தான் உட்காருகிறார்களாம்.

அவரோடு பழகிய பெண்களே, அந்த வீட்டுக்குப் போனால் அக்காவின் கையைப் பிடித்துப் பேசுங்கள். எங்கள் விளக்கத்தை யாரும் படிக்காவிட்டாலும் போகட்டும்.

எந்தப் படம் வந்தாலும் இப்போது முதலில் கையைப் பார்க்கிறேன். அது அவர் கொடுத்தது. இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது. ‘பாய், இது உண்மையா?’ என்று நான் அனுப்பிய செய்தி. அதில் நீலக்குறி விழுந்திருக்கிறது. படித்தது யார் என்று எனக்குத் தெரியும். இனி அதை அழித்தாலும் என் கைப்பேசியில் மட்டும்தான் அழியும்.